யூரெயில் பாஸில் போகும்போது ரயில் பிந்தினால் நட்டஈடு எடுப்பது எப்படி?

உதயதேவி இரண்டு மணித்தியாலம் பிந்தினால் ஸ்டேஷன் வாங்கில் இருந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கோச்சி ஏறுவது நம்ம மட்டக்களப்பு வழக்கம். ஐரோப்பாவில் அதே பிந்தலுக்குக் காசு கேட்கலாம், ஒரே பாஸில் பல நாடுகளில் பல நாள் ரயிலேற விடும் யூரெயில் போன்ற பாஸில் போனாலும் கேட்கலாம். பாஸ் வாங்குவது, ஃபோனில் ஏற்றுவது பற்றி இங்கே எழுதவில்லை. இலங்கையில் வசிப்பவருக்கு யூரெயில், அங்கேயே வதிவிட உரிமையோடு இருக்கும் மச்சான், மாமிமாருக்கு இன்டர்ரெயில். இரண்டையும் விற்பது ஒரே நிறுவனம், விண்ணப்பிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதலில் கணக்கைப் பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 இலக்க ஒழுங்குவிதி 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. போய்ச் சேரும் இடத்தில் 60 முதல் 119 நிமிடம் பிந்தினால் டிக்கெட் விலையில் 25 வீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 வீதம். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2021 ஜனவரி முதல் அங்கும் இதே வீதங்கள்தான்.

பாஸ்காரருக்கு இந்த வீதம் பாஸின் முழு விலையில் அல்ல, ஒரு பயண நாளின் (பாஸில் ரயிலேறும் ஒரு நாளின்) பெறுமதியில். 7 பயண நாள் பாஸ் 350 யூரோ என்று வையுங்கள். ஒரு நாள் 50 யூரோ. 70 நிமிடம் பிந்தினால் 12.50, இரண்டரை மணித்தியாலம் பிந்தினால் 25. தொடர்ச்சியாக மூன்று மாதம் ஓடும் பாஸ் 900 யூரோ என்றால் ஒரு நாள் 10 யூரோதான், அதில் 25 வீதம் 2.50. நாலு யூரோவுக்குக் குறைந்ததைக் கொடுக்காமல் விடச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அந்தப் பாஸ்காரர் ஒரு மணித்தியாலப் பிந்தலுக்காகப் படிவத்தோடு மினக்கெட வேண்டாம்.

கடும் புயல், வெள்ளம், தண்டவாளத்தில் ஆள் நுழைந்தது, கேபிள் களவு, பொலிஸ் நடவடிக்கை போன்றவற்றால் வந்த பிந்தலுக்கு நட்டஈடு மறுக்கலாம். ரயில் ஊழியரின் வேலைநிறுத்தம் அந்தப் பட்டியலில் இல்லை. "ஸ்ட்ரைக், கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

2. ஏறுமுன் ரயிலைப் பாஸில் சேர்க்கவும்

கூடுதலான விண்ணப்பங்கள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். பாஸை வைத்திருக்கும் ரெயில் பிளானர் செயலியில் நீங்கள் ஏறும் ரயில், அதன் இலக்கத்தோடு, அந்த நாளின் பாஸில் இருக்க வேண்டும். பயண நாளை முடுக்கிவிட்டு ரயிலைச் சேர்க்காமல் ஏறினால், அந்த ரயிலில் நீங்கள் இருந்ததற்கு ஆதாரமே இல்லை.

ஜெர்மனியிலிருந்து சூரிச் போகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். ஐ.சி.இ (ஜெர்மனியின் அதிவேக ரயில்) நன்றாகப் பிந்திவிட்டால் சுவிஸ்காரர் அதைத் தங்கள் நேர அட்டவணைக்குள் விடாமல் எல்லை நகரான பாசலோடு நிறுத்திவிடுவதுண்டு. எல்லாரும் இறங்கி உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். அவசரத்தில் செய்யும் பிழை, ஐ.சி.இயை அழித்துவிட்டுப் புது ரயிலைப் போடுவது. அப்படிச் செய்தால் செயலியில் மிஞ்சுவது நேரத்துக்கு ஓடிய சுவிஸ் ரயில் மட்டும். பிந்தல் எங்கே என்று விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஆகவே:

- முதலில் பழைய பயணத்திட்டத்தை ஸ்கிரீன்ஷொட் எடுக்கவும். ரயில் இலக்கம், சூரிச் சேர வேண்டிய நேரம் இரண்டும் தெரிய வேண்டும்.
- ஐ.சி.இயை வைத்துக்கொண்டே மாற்று ரயிலையும் சேர்க்கவும்.
- சூரிச்சில் இறங்கியதும் உண்மையில் வந்த நேரத்தை இன்னொரு ஸ்கிரீன்ஷொட் எடுக்கவும்.

ஃபோன் இலங்கை நேரத்திலேயே நின்றால் படத்தின் மேல்மூலையில் கோடையில் மூன்றரை, குளிரில் நாலரை மணித்தியாலம் கூடத் தெரியும். சரிபார்ப்பவருக்கு அது குழப்பம். நேரத்தைத் தானாக மாறும்படி வைத்துவிடுங்கள்.

3. பிந்தல் சான்று

ஸ்கிரீன்ஷொட்டோடு நிற்காமல் ரயில் நிறுவனத்தின் பிந்தல் சான்றையும் எடுங்கள். ஜெர்மனியின் டி.பி, சுவிஸின் எஸ்.பி.பி இரண்டும் இணையத்திலேயே தருகின்றன. டிக்கெட் பரிசோதகரிடமும் கேட்கலாம், ஆனால் நெரிசலில் அவரைத் தேடிப் பிடிப்பதைவிட இணையம் சுகம். நேரத் தரவு செயலிகளில் கனநாள் நிற்காது, அன்று இரவே எடுத்துவிடுங்கள். ஜெர்மனியில் நேரம் பார்க்க என் தெரிவு டி.பியின் செயலியான டி.பி நாவிகேட்டர். ரெயில் பிளானர் பாஸுக்கு மட்டும்தான் நல்லது, பிந்தல் பார்க்க அதை நம்ப வேண்டாம்.

4. விண்ணப்பம்

யூரெயில் தளத்தில் உள்ள படிவத்தில் பாஸ் இலக்கம், திகதி, ரயில் இலக்கம், சேர வேண்டிய நேரம், சேர்ந்த நேரம், சான்று. அவ்வளவுதான். பிந்தல் நடந்து மூன்று மாதத்துக்குள் அனுப்புங்கள். ஊருக்கு வந்து ஆறுதலாகப் பார்ப்போம் என்று வைத்தால் மறந்துபோகும்.

டி.ஜி.வி (பிரான்ஸ்), ஃப்ரெச்சாரோஸா (இத்தாலி) போன்ற அதிவேக ரயில்களுக்குத் தனியாகக் கட்டிய இருக்கைப் பதிவுக் காசு இதில் சேராது. ரயில் ரத்தானால் அதைப் பதிவு செய்த இடத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

5. காசு மட்டக்களப்புக்கு வரும் வழி

பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஐரோப்பியப் படிவங்கள் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம்) கேட்கும். இலங்கை வங்கிகளுக்கு ஐபான் கிடையாது. கணக்கு இலக்கத்தை அந்தப் பெட்டியில் போட்டால் படிவம் பிழை காட்டும், பூச்சியங்களைச் சேர்த்து நிரப்பிப் பார்ப்பதும் வீண். உங்கள் கணக்கு ஐபான் இல்லாத நாட்டில் இருப்பதாக வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டுக் கொடுப்பனவில் வங்கியை அடையாளம் காட்டுவது), கிளையின் பெயர், கணக்கு இலக்கம், விலாசம் கொடுங்கள். ஸ்விஃப்ட் குறியீட்டைக் கிளையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது பெயர். நம்ம வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக இருக்கும், கடவுச்சீட்டில் முழுதாக இருக்கும். பாஸ் கடவுச்சீட்டின்படி. பெயர் பொருந்தாமல் காசு திரும்பிப் போகலாம். முழுப்பெயரோடு கணக்கு உறுதிக் கடிதம் ஒன்றை வங்கியில் எடுத்து இணைத்துவிடுங்கள்.

இடைவங்கிகளின் கட்டணத்துக்கே 12.50 யூரோ கரைந்துபோகும். இரண்டு மூன்று பிந்தல் இருந்தால் ஒரே கொடுப்பனவாகக் கேளுங்கள். சுவிஸில் இருக்கும் சித்தப்பாவின் கணக்குக்குப் போடச் சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். கேட்காமல் போடாதீர்கள். பயணியே சம்மதம் எழுதிக் கொடுத்தால் ஏற்பார்களா என்று முன்கூட்டியே ஈமெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பின்னர் சேர்த்தது: நடுவழியில் இரவு வந்தால்

கடைசி ரயிலைத் தவறவிட்டு இரவு தங்க நேர்ந்தால் நட்டஈட்டைவிட அந்தச் செலவுதான் பெரிது. 60 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தினால் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்பச் சாப்பாடும் குடிபானமும், தங்க வேண்டி வந்தால் இடமும் ரயில் நிறுவனம் தர வேண்டும். முதலில் ஸ்டேஷன் உதவி மேசைக்குப் போய்க் கேளுங்கள். மூடியிருந்தால் மூடிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு, மட்டான விலையில் அறை எடுத்து, பற்றுச்சீட்டோடு அந்த ரயில் நிறுவனத்திடமே கேளுங்கள்.

நள்ளிரவு தாண்டி வேறு ரயிலுக்கு மாறினால் செயலி இன்னொரு பயண நாளைக் கேட்கும். அதை முடுக்குமுன், முந்தைய ரயிலின் பரிசோதகரிடம் பிந்தலை எழுதி வாங்கி, யூரெயில் சேவைப் பிரிவுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பதில் வரப் பிந்தினாலும், நீங்கள் கேட்ட நேரம் பதிவில் இருக்கும்.