43 பேர் பார்க்க ‘உங்களில் எனக்குச் சரியான விருப்பம்’ என்று சொல்வது எப்படி

நான் வெள்ளவத்தையில் சாறிச் சட்டை தைப்பவள். 2018இல் மார்புப் புற்றுநோயால் எனக்கு இடப்பக்க மார்பை எடுத்தார்கள். அதன் பிறகு வந்த வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் என்னைப் போல ஒரு பக்கம் இல்லாதவர்கள். சட்டைக்கு உள்ளே பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, அதற்குள் பஞ்சுத் திண்டு வைத்துக் கொடுப்பேன். அளவெடுக்கும்போது கதவைச் சாத்திவிடுவோம், பிறகு கதைதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஒருவரும் ஒருவரிடமும் போக முடியாமல் போனபோது, அந்தக் கதவுக்குப் பின்னால் கதைத்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இப்போது 43 பேர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொட, வத்தளை என்று நாலா பக்கத்திலும் இருக்கிறார்கள். ஏதோ ஒரு காலத்தில் எல்லோரும் 138 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனவர்கள்தான்.

குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் கொஞ்ச நாளில் என்னிடம் தனியாகக் கேட்பார்கள். “அக்கா, அவவில எனக்கு அவ்வளவு அன்பு. எல்லாருக்கும் முன்னால சொல்லலாமா? சொன்னா ஒரு மாதிரி இருக்குமா?” கேட்பது நியாயம். எங்கள் வீடுகளில் அன்பைச் சொல்வதில்லை, தட்டில் இன்னொரு புட்டுக் குழலைத் தள்ளுவோம். போனில் புட்டுத் தள்ள முடியாது. ஆகவே வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் அதைப் பிழைவிட்டுப் பழகினேன்.

2022 மார்ச்சில் மற்றப் பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்காகப் பத்து நாள் காத்திருந்தேன். கரண்ட் கட் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம் அது. கொட்டாஞ்சேனைத் தங்கச்சி ஒருத்தி அந்தப் பத்து நாளும் இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் எடுத்தாள். முடிவு நல்லபடியாக வந்தது. அன்று இரவே குழுவில் ஏழு நிமிஷ வொய்ஸ் ஒன்று போட்டேன். அழுகையோடு, “நீ இல்லாட்டி நான் இண்டைக்கு உயிரோட இல்லை, இந்தக் குழுவில உன்னைப்போல ஒருத்தரும் இல்லை” என்று.

முப்பது சிவப்பு இதயம் வந்தது. அவள் மட்டும் இரண்டு கிழமை குழுவுக்கே வரவில்லை. பிறகு கடைக்கு வந்தபோது சொன்னாள்: “அக்கா, அதுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் எண்டாலும் குழுவில சொல்லப் பயமா இருந்தது. நான் விழுந்தா நீங்களும் விழுந்திடுவீங்க எண்டு.” கூடவே, அதே பத்து நாளில் எனக்குப் போன் எடுத்த இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்றைக்கும் விடுவதில்லை. “எங்கட கோல் எல்லாம் ரோங் நம்பர்தானே” என்பார்.

எனவே முதலாவது இதுதான். ‘நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை’ என்று சொல்லாதீர்கள். நோயோடு இருப்பவரின் தலையில் உங்கள் உயிரையும் தூக்கி வைத்ததாகிவிடும். ஒருவரையும் மற்றவர்களுக்கு மேலே தூக்கியும் வைக்காதீர்கள். அவர் செய்த ஒரேயொரு காரியத்தை எடுங்கள், நாளும் நேரமும் தெரிகிற மாதிரிச் சொல்லுங்கள். அந்தத் தங்கச்சி ஒருநாள் போனில் 8 வீதம் சார்ஜ் இருக்கும்போது எடுத்தாள். விடியும்வரை கரண்ட் வராது என்று தெரிந்தும் எடுத்தாள். நான் சொல்லியிருக்க வேண்டியது அதை மட்டும்தான். அப்படிச் சொன்னால் கேட்கிற மற்றவர்களுக்கும் தாங்கள் கழிக்கப்பட்ட மாதிரி இராது. தாங்கள் செய்ததும் ஒருநாள் யாருக்காவது ஞாபகம் வரும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் சொல். ‘காதல்’ இந்த இடத்தில் சரிவராது. ‘நேசிக்கிறேன்’ பிரசங்கத்தில் கேட்பது போல இருக்கும். ‘ஐ லவ் யூ’ சின்னப் பிள்ளைகளின் வாயில் அழகாகத்தான் இருக்கிறது, என் வாயில் அது வாடகைச் சாறி. எங்கள் பேச்சிலேயே நல்ல சொற்கள் கிடக்கின்றன. “எனக்கு உங்களில சரியான விருப்பம்.” இதைவிடப் பலமாகச் சொல்ல வேண்டுமென்றால் “உங்களில எனக்கு உயிர்.” இரண்டாவதை வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் ‘குஞ்சு’, ‘என்ர ராசாத்தி’ என்றால் அது தானாக வருகிறது. பழக்கமில்லாதவர் எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும். உங்கள் வீட்டில் எந்தச் சொல் புழங்கியதோ அதையே எடுங்கள்.

அழைக்கும் முறையும் முக்கியம். குழுவில் இருக்கும் முஸ்லிம் பெண்கள் மூத்த சகோதரியைத் ‘தாத்தா’ என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, பாட்டனாருக்கு யார் நன்றி சொல்கிறார்கள் என்று ஒரு கிழமை யோசித்துக்கொண்டிருந்தாராம். அவரவர் வீட்டு முறையிலேயே அழையுங்கள். 50 வயதுப் பெண்ணை ‘அன்ரி’ என்று கூப்பிட்டுவிட்டு அன்பைச் சொன்னால், காதில் விழுவது அன்ரி மட்டும்தான். அனுபவத்தில் சொல்கிறேன்.

உடம்பைப் புகழாதீர்கள். ‘முடி எவ்வளவு அடர்த்தியா வந்திருக்கு’, ‘முகம் நல்லா நிறைஞ்சிட்டுது’ என்று அன்போடுதான் போடுவோம். அந்த முகம் ஸ்டீரொயிட் மருந்தால் வீங்கிய முகமாக இருக்கலாம். கண்ணாடியில் அதைப் பார்த்து அழுதுவிட்டு வந்திருப்பார், அதைத்தான் நீங்கள் பாராட்டுகிறீர்கள். நாவூறு பற்றியும் சொல்ல வேண்டும். 43 பேர் ஒரே நேரத்தில் ஒருத்தியின் முடியைப் புகழ்ந்த மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தால், மாமியார் மிளகாய் சுற்றிப் போடுவார், அதோடு போனையும் வாங்கி வைத்துவிடுவார். நாவூறில் எனக்குப் பாதி நம்பிக்கை, மாமியார்மாரில் முழு நம்பிக்கை. செய்த காரியத்தைப் புகழ்ந்தால் ஒருவரும் மிளகாய் தேட மாட்டார்கள்.

எப்போது சொல்வது என்பதில்தான் நான் கொஞ்சம் கெட்டிக்காரி. எங்களில் பலருக்குக் கீமோ 21 நாளைக்கு ஒருமுறை. மருந்து ஏற்றுகிற நாளில் எல்லோரும் போடுவார்கள், போன் நிரம்பி வழியும், அவருக்கு அதைத் திறந்து பார்க்கவும் தெம்பிராது. ஐந்தாம் நாளுக்குள் குழு வேறு கதைக்குப் போய்விடும். ஆனால் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைதான் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு பெரும்பாலும் குறைந்து கிடக்கும். கூட்டத்தில் சேரக்கூடாது, காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அந்த நாட்களில் அவரை யாரும் போய்க் கட்டிப்பிடிக்க முடியாது. ஆகவே என் கடைச் சுவரில் தொங்கும் கலண்டரில், சட்டை கொடுக்க வேண்டிய திகதிகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொருவருக்கும் பத்தாம் நாளைச் சிவப்புச் சோக்கால் குறித்து வைப்பேன். பத்தாம் நாள் காலையில் போட்டால் அதைப் பத்துமுறை கேட்பார்கள்.

போடுவதற்கு முன் குழுவை மேலே தள்ளி, அன்றைக்கு வந்ததை எல்லாம் வாசியுங்கள். காலையில் ஒருத்தி ‘திரும்ப வந்திட்டுதாம்’ என்று எழுதியிருக்க, மாலையில் நாங்கள் இன்னொருத்திக்கு நன்றி விழா நடத்தக்கூடாது. ஒருநாள் பொறுங்கள், அன்பு பழுதாகாது. யாராவது ‘செத்தா நல்லம்’ என்று போட்டால் அதற்கு இதயம் போட வேண்டாம். உடனே போன் எடுங்கள், எடுத்து அவர் கதைக்கும்வரை பொறுத்திருங்கள். 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கதைக்க ஆள் இருக்கிறார்கள், அந்த நம்பரையும் கொடுங்கள்.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரியது. முதலில் தனியாகக் கேளுங்கள். “உங்களைப் பற்றி ரெண்டு வார்த்தை குழுவில சொல்லட்டா?” அவ்வளவுதான். நோயை வீட்டில் மறைத்து வைத்திருப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள், முக்கியமாகக் கலியாண வயதில் மகள் உள்ளவர்கள். சிலருடைய போனை மகனும் பார்ப்பான். ஒருமுறை குழுவில் வந்த உருக்கமான செய்தியொன்றை, பெயரோடு அப்படியே படம் பிடித்து, இளஞ்சிவப்பு ரிப்பனும் ஒட்டித் தன் ஸ்டேட்டஸில் போட்டார் ஒருவர். பாசத்தில்தான் போட்டார். அதை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். நடந்துகொண்டிருந்த பேச்சுக்கால் நின்றது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று யாரோ அவர்களுக்குச் சொன்னார்களாம். மார்புப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது சிறு பங்குதான் என்று அவர்களுக்கு யார் போய் விளங்கப்படுத்துவது? அந்தத் தாய் குழுவைவிட்டுப் போய்விட்டார். சட்டை தைக்கவும் இப்போது என்னிடம் வருவதில்லை. போட்டதை இரண்டு நாளுக்குள் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப்பில் வழி உண்டு. படம் பிடித்ததை அழிக்க வழியில்லை.

இன்னொரு சொல்லைப் பற்றியும். வேறு நாட்டுக் குழுக்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் எல்லோரையும் ‘போராளி’ என்று பாராட்டத் தொடங்கினார்கள். இந்த நாட்டில் அந்தச் சொல் போர்க்காலத்தில் வேறு வீடுகளுக்குள் போய் வந்த சொல். எங்கள் குழுவில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் இருக்கிறார்கள். போன வருஷம் எங்களைவிட்டுப் போன பாகற்காய் அன்ரியும் அதைக் கேட்டுச் சலித்துப்போய், “நான் ஒண்டோடயும் சண்டை பிடிக்கேல்லைப் பிள்ளை, மருந்து எடுக்கிறன், படுக்கிறன்” என்றார். அவர் கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது எங்களில் பாதிப்பேருக்கு வாய் வரவில்லை. ‘கட்டாயம் சுகம் வரும்’ என்று எழுதினால் பொய், வேறு எதை எழுதினாலும் பிரியாவிடை. ஒருத்தி மட்டும் இப்படிப் போட்டாள்: “அன்ரி, நீங்க சொன்னபடி பாகற்காய்க்குக் கட்டித் தேங்காய்ப்பால் விட்டன். மகன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உங்களை நினைச்சன்.” மகள் அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கறியை அடுப்பிலிருந்து இறக்கும்போதுதான் பால் விட வேண்டும் என்று சொல்லச் சொன்னாராம்.

எழுதுவதா, வொய்ஸா? வொய்ஸ்தான். எங்களில் சிலர் சிங்களத்தில் படித்தவர்கள், தமிழ் வாசிப்பது கஷ்டம். 40 செக்கனுக்குள் முடியுங்கள். மிக்சியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். அழுகை வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் பதியுங்கள். கடைசியில் “பதில் போட வேண்டாம்” என்று சேருங்கள். அதைச் சொல்லாவிட்டால், களைத்துக் கிடப்பவரும் எழும்பி 43 பேருக்கும் நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார்.

உங்களைப் பற்றி யாரும் சொன்னால், “சீ, நான் என்னத்தைச் செய்தனான்” என்று தட்டிவிடாதீர்கள். சொன்னவருக்கு முகம் செத்துவிடும். “கேட்டன், சந்தோசம்” என்றால் போதும்.

சரி, நேற்று நானே ஒன்று போட்டேன். தெமட்டகொடத் தாத்தாவுக்கு. அவர் நல்ல சிங்களம் கதைப்பார். கிளினிக்கில் தாதி சொல்வது விளங்காமல் முழிக்கிற எங்கள் பெண்கள் அவருக்குத்தான் போன் எடுத்து ஸ்பீக்கரில் போடுவார்கள். முதலில் நான் எழுதி வைத்தது: “தாத்தா, நீங்கள் எங்கள் குழுவின் தாய். உங்களைப் போல ஒருவரும் இல்லை. உங்கள் கடனை எப்படி அடைப்போம்.” வாசித்துப் பார்த்தேன். ஊருக்கு உபதேசம் சொல்கிற நானே இதை எழுதியிருக்கிறேன். அழித்துவிட்டு, அவரிடம் தனியாகக் கேட்டு, இதைப் பதிந்தேன்:

“தாத்தா, செவ்வாய்க்கிழமை நோன்போட, வத்தளைத் தங்கச்சிக்காக முக்கால் மணித்தியாலம் போனில சிங்களம் கதைச்சீங்க. தொண்டை காய்ஞ்சது எங்களுக்கும் கேட்டது. எனக்கு உங்களில சரியான விருப்பம். பதில் போட வேண்டாம், நோன்பைத் திறவுங்க.”

22 செக்கன். பதில் போட வேண்டாம் என்று சொல்லியும் இரவு எட்டு மணிக்கு ஒன்று வந்தது. “சரி சரி, கேட்டேன். என்ட சட்டை பெருநாளைக்கு முந்தி வருமா?”

சட்டைக்கு இன்னும் கைகூட வெட்டவில்லை.