கே-2 500 பந்தயம்: அந்த நூறு விநாடியில் எங்கே பார்ப்பது?

பெண்கள் கே-2 500 மீட்டர், அதாவது ஒரே படகில் இரண்டு பேர் துடுப்புப் போடுகிற கயாக் பந்தயத்தை முதல் தடவை பார்க்கிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். எந்தப் படகு முன்னால் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்து, யாரோ இரண்டு பேர் துடுப்பைத் தூக்கிக் காட்ட, அவர்கள் ஏன் ஜெயித்தார்கள் என்று ஒன்றும் புரியாமல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது பின்னால் உட்கார்ந்திருப்பவரை மட்டும் பார்க்கிறேன், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகோடு பொருத்திய துடுப்பை இழுத்தால் அது ரோயிங். இது கயாக்: முகம் முன்னால், துடுப்பு கையில் மட்டும், அதன் இரண்டு முனையிலும் பிளேடு, அதாவது தண்ணீரைத் தள்ளுகிற தட்டையான பகுதி. கே-2 என்றால் கயாக்கில் இரண்டு பேர். படகு 6.5 மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, எடை 18 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இந்தப் போட்டி 1960 ரோமில் வந்தது.

பழகுவதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் லிசா கேரிங்டனும் அலிசியா ஹாஸ்கினும் ஜெயித்த பந்தயம் அது. மூன்று தடவை பார்க்க வேண்டும், மூன்றும் சேர்த்தே ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

முதல் தடவை சும்மா பாருங்கள், ஆனால் கேமராவை நம்பாதீர்கள். கோணலாக எடுத்த காட்சியில் கேமராவுக்குப் பக்கத்து லேன் படகு முன்னால் போவதுபோலவே தெரியும். நான் ஒரு பந்தயம் முழுக்கத் தப்பான படகுக்குக் கை தட்டியிருக்கிறேன்! நேர் பக்கவாட்டுக் காட்சி வரும்போதோ, 250 மீட்டரில் திரையில் நேரம் வரும்போதோ முடிவு செய்தால் போதும்.

இரண்டாவது தடவை, ஒரே ஒரு படகு, அதுவும் பின்னால் இருப்பவரின் பிளேடு. தொடக்கத்தில் படகின் மூக்கு ஒரு பிடிப்பானுக்குள் இருக்கும், சைகை வந்ததும் அது தண்ணீருக்குள் இறங்கிவிடும். முதல் சில இழுப்புகள் குட்டையாக, வெறித்தனமான வேகத்தில் போகும், தண்ணீர் தெறிக்கும். அப்புறம் இழுப்பு நீளும், தெறிப்பு அடங்கும். இங்கேதான் கவனிக்க வேண்டும். முன்னால் இருப்பவர்தான் தாளம் போடுகிறார், சுக்கானையும் காலால் அவரேதான் திருப்புகிறார், ஆனால் தன் ஜோடியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்க முடியாது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவதோ முன்னால் உள்ள முதுகும் துடுப்பும்தான். அதை வைத்துக்கொண்டு, விநாடிக்கு இரண்டு இழுப்பு என்று வைத்தாலும் ஏறக்குறைய இருநூறு தடவை, அவருடைய பிளேடு முன்னவர் பிளேடு இறங்குகிற அதே நொடியில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். நல்ல ஜோடியைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு துடுப்பும் எப்போதும் இணைகோடுகளாக இருக்கும். பின்னவர் கொஞ்சம் பிந்தினால் படகின் மூக்கு தலையாட்டத் தொடங்கும். தலையாட்டுகிற படகு கடைசி நூறு மீட்டரில் பெரும்பாலும் பின்தங்கும்.

அப்படியே முழங்காலையும் பாருங்கள். சைக்கிள் மிதிப்பதுபோல மாறி மாறி ஏறி இறங்கும். கையால் இழுக்கிறார்கள் என்றுதான் நினைப்போம், ஆனால் பலம் வருவது காலை உதைத்து இடுப்பைத் திருப்புவதில். களைத்துப்போனால் முதலில் நிற்பது இந்தத் திருப்பம்தான். அதன் பிறகு வெறும் கைதான் வேலை செய்யும், இழுப்பு குட்டையாகிவிடும்.

மூன்றாவது தடவை கடைசி 50 மீட்டரை மட்டும், வீடியோ வேகத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். சின்னக் கணக்கு ஒன்று: 500 மீட்டரை நூறு விநாடியில் கடந்தால் விநாடிக்கு 5 மீட்டர். அப்படியானால் ஒரு முழுப் படகு நீளம் 1.3 விநாடி, பத்தில் ஒரு விநாடி என்பது வெறும் அரை மீட்டர். பாரிஸில் நியூசிலாந்து சுமார் இரண்டு விநாடி முன்னால் முடித்தது, அதாவது ஒன்றரைப் படகு நீளம். இந்த விளையாட்டில் அது ஊர் அளவு தூரம். அவர்களை விடுங்கள், பின்னால்தான் சுவாரசியம். ஹங்கேரி இரண்டு ஜோடிகளை அனுப்பியிருந்தது. ஒன்று வெள்ளி வாங்கியது, இன்னொன்று ஜெர்மனியோடு சரிசமமாக முடித்து வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டது.

இன்னும் இரண்டு விஷயம். தகுதிச் சுற்று நேரத்தை வைத்து யாரையும் எடை போட வேண்டாம், அடுத்த சுற்று உறுதியானதும் பலர் கடைசியில் கையைத் தளர்த்திவிடுவார்கள். அதேபோல ஒரு ஊரின் நேரத்தை இன்னொரு ஊரோடு ஒப்பிடவும் வேண்டாம், எல்லாம் காற்றைப் பொறுத்தது. இந்த விளையாட்டில் உலக சாதனை என்று சொல்லாமல் உலகின் சிறந்த நேரம் என்றே சொல்வதும் அதனால்தான்.

கண் பழகிய பிறகு 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் இரண்டிலும் தங்கம் வென்ற ஹங்கேரியின் கடாலின் கோவாச், நடாஷா யானிச் ஜோடியைத் தேடிப் பாருங்கள். அப்புறம் 2021-ல் நடந்த டோக்கியோ போட்டி. அங்கேயும் கேரிங்டன்தான், ஆனால் கூட இருந்தவர் கெய்ட்லின் ரீகல். டோக்கியோவையும் பாரிஸையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, ஜோடி மாறியதால் இழுப்பில் என்ன மாறியது என்று தேடுங்கள். எனக்கு நாலு தடவை பார்க்க வேண்டியிருந்தது.