பிள்ளையின் கல்லூரிப் பணம்: சேலத்துக் குடும்பங்களுக்குப் படிப்படியாக ஒரு கணக்கு

"பாப்பா படிப்புக்கு எதுல பணம் போடலாம்?" என்று கேட்டால் உடனே ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லிவிட நம் ஊரில் ஆட்கள் நிறைய. எல்ஐசி என்பார் ஒருவர், தங்கம் என்பார் இன்னொருவர், சீட்டு என்பார் மூன்றாமவர். நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பணம் எந்த வருஷம் வேண்டும்? அது தெரிந்துவிட்டால் எதில் போடுவது என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

படி 1: வருஷத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் பிள்ளையின் பெயர், அதன் எதிரே பிளஸ் டூ முடிக்கும் வருஷம், அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். வீடு கட்டுவதைத் தள்ளிப்போடலாம், கல்யாணத்துக்கு அடுத்த முகூர்த்தம் பார்க்கலாம். கல்லூரிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு நிற்க முடியாது. ஆகவே இந்த வருஷத்தை அசையாத தேதியாக வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

இந்தப் பதிவு முழுக்க ஒரே உதாரணம்: 6 வயதுப் பெண் குழந்தை, கையில் 12 வருஷம்.

படி 2: இன்றைய செலவைக் கேட்டு வாருங்கள்

இணையத்தில் தேடுவதைவிட, உங்கள் தெருவில் இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் வீட்டில் கேளுங்கள். படிப்புக் கட்டணம் மட்டும் கேட்டால் போதாது. விடுதி, சாப்பாடு, கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் கேளுங்கள். பேருந்துக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்க மறக்கிறவர்கள்தான் அதிகம்.

கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஒரு தொகை, தனியார் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தால் பல மடங்கு. இரண்டையும் எழுதி, பெரிய தொகையை இலக்காக வையுங்கள். நம் உதாரணத்துக்கு நான்கு வருஷத்துக்கும் சேர்த்து இன்றைய விலையில் 8 லட்சம் என்று வைப்போம்.

இது இப்படியே இருக்காது. கல்விச் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம். 8 சதவீதத்தில் எந்தத் தொகையும் ஏறக்குறைய 9 வருஷத்தில் இரட்டிப்பாகும். 12 வருஷம் கழித்து இந்த 8 லட்சம் சுமார் 20 லட்சமாக நிற்கும். பயப்படாதீர்கள், முழுவதையும் சேமிப்பிலிருந்தே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தொகை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: முதலீட்டுக்கு முன் இரண்டு வேலை

சம்பாதிப்பவர் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுத்துவிடுங்கள். நாம் இல்லாமல் போனாலும் பிள்ளை படிக்க வேண்டும், அதற்கு இதுதான் வழி. அடுத்து, மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாக வையுங்கள். கந்துவட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள்.

"சைல்டு பிளான்" என்ற பெயரில் விற்கும் சேமிப்புக் காப்பீடுகளில் எனக்கு உடன்பாடு இல்லை. காப்பீட்டுத் தொகையும் சின்னதாக இருக்கும். சேமிப்பின் வளர்ச்சி பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைத் தாண்டாது. ஓரிரு வருஷம் கட்டிவிட்டு நிறுத்தினாலோ கட்டியதிலேயே நஷ்டம். காப்பீடு தனி, சேமிப்பு தனி.

படி 4: பெண் குழந்தை என்றால் செல்வமகள்

2015 ஜனவரியில் தொடங்கிய சுகன்யா சம்ரிதி திட்டத்தைத்தான் நாம் செல்வமகள் என்கிறோம். குழந்தைக்கு 10 வயது ஆவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தொடங்கலாம். நிதியாண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், பான் கார்டு, புகைப்படத்துடன் தலைமை அஞ்சலகத்துக்கோ வீட்டுப் பக்கத்து அஞ்சலகத்துக்கோ போனால் போதும். பல வங்கிகளிலும் தொடங்கலாம்.

வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். 2024 ஜனவரியில் அது 8.2 சதவீதம் ஆனது. வட்டிக்கு வரி கிடையாது. இவ்வளவு பாதுகாப்பாக, வரியும் இல்லாமல் இந்த அளவு வட்டி தருவது வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கணக்கு முதிர்வது குழந்தைக்கு 21 வயதாகும்போது அல்ல, கணக்குத் தொடங்கி 21 வருஷம் ஆகும்போது. 6 வயதில் தொடங்கினால் 27 வயதில்தான் முழுப் பணம் கைக்கு வரும். பணம் கட்டுவது முதல் 15 வருஷம் மட்டும். மேல்படிப்புக்காக இடையில் எடுக்கலாம்: 18 வயது ஆனாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதியாண்டின் கடைசியில் இருந்த இருப்பில் பாதி வரை. அதுவும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்குள்தான், சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்ட வேண்டும். ஒரே தடவையாகவோ, வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து வருஷம் வரையோ எடுக்கலாம்.

ஆக, செல்வமகளில் இருக்கும் தொகையில் பாதியை மட்டும் இளநிலைப் படிப்புக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மீதிப் பாதி வளர்ந்துகொண்டே இருந்து பின்னாளில் அவளுக்கே பயன்படும்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "மாசாமாசம் கட்டச் சொன்னா எங்களால முடியாதுங்க. காபி எடை போட்டாத்தான் கையில காசு." மாதாமாதம் கட்ட வேண்டியதே இல்லைங்க அக்கா என்று விளக்கினேன். செல்வமகளில் எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாம். காபி விற்ற பணம் வந்ததும் ஒரு பெரிய தொகை, மிளகு விற்றதும் இன்னொரு தொகை என்று வருஷத்துக்கு இரண்டே தடவை போட்டாலும் கணக்கு ஓடும். ஒரு சூட்சுமம் மட்டும் நினைவில் வையுங்கள்: ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 6ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போச்சு. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிறவர்களுக்கும், ஒரே அறுவடையில் மொத்தமாகப் பணம் பார்க்கிற எல்லோருக்கும் இந்த வழி பொருந்தும்.

ஏதாவது ஒரு வருஷம் 250 ரூபாய்கூடக் கட்ட முடியாமல் போனால், விட்டுப்போன தொகையோடு வருஷத்துக்கு 50 ரூபாய் அபராதம் கட்டிக் கணக்கை உயிர்ப்பிக்கலாம்.

படி 5: ஆண் குழந்தை என்றால் பிபிஎஃப்

தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் "பொன்மகன்" என்று சொன்னது இந்தப் பொது வருங்கால வைப்பு நிதியைத்தான். வருஷத்துக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை. பெற்றோர் கணக்கும் குழந்தை கணக்கும் சேர்ந்தே இந்த 1.5 லட்சம் வரம்புக்குள் வரும். வட்டி 2020 ஏப்ரலில் 7.1 சதவீதம் ஆனது. 15 வருஷம் என்பார்கள், ஆனால் தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகே எண்ண ஆரம்பிப்பார்கள். எனவே குழந்தைக்கு இரண்டு மூன்று வயதுக்குள் தொடங்கினால் பிளஸ் டூ முடிக்கும்போது சரியாக முதிரும். பெண் குழந்தை வைத்திருப்பவர்களும் இதில் போடலாம், தடை இல்லை.

படி 6: 7 வருஷத்துக்கு மேல் இருந்தால் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி

அஞ்சலகத்தை மட்டும் நம்பினால் 20 லட்சத்தைத் தொடுவது கஷ்டம். செல்வமகளில் மாதம் 3,000 ரூபாய் வீதம் 12 வருஷம் கட்டினால், 8.2 சதவீதத்தில் சுமார் 7.2 லட்சம் சேரும். அதில் எடுக்க முடிவது மூன்றரை லட்சத்தை ஒட்டி. மீதிக்குப் பங்குச் சந்தை சார்ந்த ஒரு முதலீடு வேண்டும். பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்வது மியூச்சுவல் ஃபண்ட்; அதில் மாதாமாதம் ஒரு தொகை போட்டுவருவதுதான் எஸ்ஐபி.

முதல்முறை போடுபவர்களுக்கு நான் சொல்வது நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட். நாட்டின் 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் உங்கள் பணம் பிரிந்து போகும், எந்தப் பங்கு நல்லது என்று ஆராய வேண்டிய தேவை இல்லை. பான், ஆதார், வங்கிக் கணக்கு வைத்து ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்துவிடலாம். பணம் போடும் முன் திரையில் மூன்று சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: இண்டெக்ஸ், டைரக்ட், குரோத் (லாபம் ஃபண்டிலேயே சேர்ந்து வளரும்). "டைரக்ட்" இருக்க வேண்டிய இடத்தில் "ரெகுலர்" இருந்தால், முகவர் கமிஷன் வருஷாவருஷம் உங்கள் பணத்திலிருந்து போகும். மாதம் 5,000 ரூபாய், 12 வருஷம், 10 சதவீத வளர்ச்சி என்றால் சுமார் 13.9 லட்சம். அதே பணம் 9 சதவீதத்தில் வளர்ந்தால் 13 லட்சம். ஒரே ஒரு சதவீதம், 90,000 ரூபாய் வித்தியாசம்.

10 சதவீதம் என்பது என் கணக்குக்காக வைத்தது. அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? இதே 5,000 ரூபாயை ஐந்து வருஷம் கழித்துத் தொடங்கி 7 வருஷம் மட்டும் போட்டால் கிடைப்பது சுமார் 6.1 லட்சம்.

வாரக்கூலி வாங்குபவர்கள், குறிப்பாகத் தறி ஓட்டுபவர்கள், மாதக் கடைசியில் மொத்தமாக எடுத்துவைக்க முயற்சிக்காதீர்கள், நிற்காது. இதற்கென்றே ஒரு தனி சேமிப்புக் கணக்கு வைத்து, சனிக்கிழமை கூலி வந்த கையோடு 1,000, 1,250 என்று அதில் போட்டுவிடுங்கள். எஸ்ஐபி தேதியை 10 என்று வையுங்கள். பணம் தயாராக இருக்கும்.

ஃபண்டை யார் பெயரில் போடுவது? குழந்தை பெயரில் போட்டால் 18 வயதானதும் கேஒய்சி மாற்றும் வரை கணக்கு முடங்கும், அதுவும் கட்டணம் கட்டுகிற அதே சமயத்தில். பெற்றோர் பெயரில் போட்டு, நாமினி எழுதிவையுங்கள்.

படி 7: பத்தாம் வகுப்பில் இறக்கத் தொடங்குங்கள்

பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். அந்த 50 நிறுவனப் பங்குகளின் குறியீட்டு எண்தான் நிஃப்டி. 2008 ஜனவரியில் 6,200-ஐத் தாண்டியிருந்த அது, அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் 2,500-க்கு வந்தது. 2020-லும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. இரண்டு தடவையும் சந்தை மீண்டு வந்தது உண்மை. ஆனால் அந்த வருஷம் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

எனவே கல்லூரிக்கு மூன்று வருஷம் இருக்கும்போதே, வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்காக ஃபண்டிலிருந்து எடுத்து வங்கி வைப்பில் போடுங்கள். வளர்ச்சி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு என்பதால் தொகை பெரிதானால் இரண்டு வங்கியாகப் பிரியுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்றால் இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும்.

படி 8: நம் ஊர்ப் பழக்கங்கள்

தங்க நகையைப் படிப்புக்கான முதலீடாக எண்ண வேண்டாம். வாங்கும்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று போய்விடுகிறது. விற்கும்போது அது எதுவும் திரும்பாது. நகை வேண்டும் என்றால் நகைக்காக வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளித் தொழில் செய்பவர்கள் கையில் எப்போதும் வெள்ளி வைத்திருப்பார்கள், அது தொழிலுக்கான சரக்கு. தொழிலும் படிப்புப் பணமும் ஒரே வெள்ளி விலையை நம்பி இருப்பது ஆபத்து.

சீட்டு போடுவதாக இருந்தால், 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டில் மட்டும் போடுங்கள். மாதம் 3 சதவீதம், 5 சதவீதம் வட்டி என்று கூட்டம் சேர்க்கிற இடத்தில் பிள்ளையின் பணத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். சொந்தக்காரரே அழைத்தாலும் வேண்டாம்.

படி 9: பற்றாக்குறையை எங்கிருந்து நிரப்புவது

செல்வமகளில் 3,000, எஸ்ஐபியில் 5,000 என்று போட்டால் 20 லட்சத்தில் 17 லட்சத்தை ஒட்டி வருகிறோம். மாதம் 8,000 முடியாதவர்கள் பாதியில் தொடங்கி, கூலி கூடும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டுங்கள்.

மீதிக்கு அரசு உதவியைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேல்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் பொறியியல் கலந்தாய்வில் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

அதற்கும் மேல் வேண்டியிருந்தால் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை தொடங்காது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

படி 10: பிளஸ் டூ படிக்கும் வருஷம்

மார்ச் மாதத்துக்குள் முதல் வருஷக் கட்டணமும் விடுதிப் பணமும் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் சில நாட்களுக்குள் பணம் கட்டச் சொல்வார்கள். ஃபண்டை விற்றால் பணம் வர இரண்டு மூன்று வேலை நாள் ஆகும், செல்வமகளில் எடுக்கவோ கல்லூரியின் கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு போனால் வரிசை நீளமாக இருக்கும்.