பழைய லேப்டாப்பில் எந்த ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போடலாம்?

2015 வாக்கில் வாங்கிய லேப்டாப், ஐ3-5005யு ப்ராசசர், 4 ஜிபி ரேம், உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படி ஒன்று நிறைய வீடுகளில் இருக்கிறது. இதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் "விண்டோஸ் 7 போட்டுக் கொடுங்க, லைட்டா ஓடும்" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே முடிந்தது, குரோமும் 2023-ல் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. பேங்க் வேலை பார்க்கிற மெஷினில் அது வேண்டாம்.

எதைப் போடுவது என்று யோசிக்கும் முன்னால் ஒரு விஷயம்: மந்தத்துக்குப் பெரும்பாலும் ஓஎஸ் காரணமில்லை, ஹார்ட் டிஸ்க்தான் காரணம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுற்றும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி (2.5 இன்ச் சாட்டா வகை) ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, ரேமையும் 8 ஜிபி ஆக்கினால் (இந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலும் டிடிஆர்3எல், வாங்கும்போது அந்த 'எல்' இருக்கிறதா என்று பாருங்கள்) அதே விண்டோஸ் வேறு மெஷின் மாதிரி ஓடும். ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஓஎஸ்ஸை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

சரி, இப்போது ப்ராசசர் பெயரைப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் தெரியும். ஐ5-8250யு என்றிருந்தால் கோடுக்கு அப்புறம் வரும் 8-தான் தலைமுறை. இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு, அதோடு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும். 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தால் யோசிக்காமல் 11 போடலாம், 8 ஜிபி ரேமோடு. குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதை நம்பிப் போட்டால் பிரவுசரில் நாலு டேப் திறந்ததுமே திணறும்.

அதற்கும் பழசு என்றால்? ரூஃபஸ் என்கிற இலவச மென்பொருள் மூலம் பென் டிரைவ் தயாரித்து, ப்ராசசர், டிபிஎம் சோதனைகளைத் தாண்டி 11-ஐ ஏற்றிவிடலாம், பலரும் செய்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் இப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை, வருடாந்திரப் பெரிய அப்டேட்டை நீங்களே கையால் ஏற்ற வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ என்கிற இன்னும் பழைய இன்டெல் ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியும் கிடையாது, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதில் பூட்டே ஆகாது.

விண்டோஸ் 10-லேயே இருந்துவிடலாமா என்றால், வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் உண்டு. டேலி, ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாது என்பவர்கள் அந்த அவகாசத்தில் வேறு மெஷினுக்குப் பணம் சேர்ப்பது நல்லது.

மற்றவர்களுக்கு, அதாவது பிரவுசர், யூடியூப், கடிதம் டைப் அடிப்பது இவ்வளவுதான் வேலை என்பவர்களுக்கு, என் தேர்வு லினக்ஸ் மிண்ட் 22 என்கிற இலவச ஓஎஸ், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்கிற லைட்டான பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும். 4 ஜிபி ரேமிலும் சமாளிக்கும். 2 ஜிபி மட்டுமே இருந்தால் இன்னும் லைட்டான லினக்ஸ் வகைகளான லுபுண்டுவோ ஆன்டிஎக்ஸோ பார்க்கலாம், ஆனால் ஓஎஸ் எவ்வளவு லைட்டாக இருந்தாலும் பிரவுசர் லைட் ஆகாது. உள்ளே 32 பிட் விண்டோஸ் இருக்கிறது என்பதற்காக மெஷினே 32 பிட் என்று முடிவு செய்துவிடாதீர்கள். சிஸ்டம் டைப்பில் 'எக்ஸ்64 ப்ராசசர்' என்றிருந்தால் 64 பிட் தாராளமாக ஏறும்.

மிண்ட்டை இன்ஸ்டால் செய்யாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா (பிராட்காம் சிப் இருந்தால் தனியாக டிரைவர் போட வேண்டி வரலாம்), சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, வீட்டு பிரிண்டர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தமிழ் டைப் அடிக்க உதவும் அழகி, என்எச்எம் ரைட்டர் எல்லாம் விண்டோஸுக்கானவை. மிண்ட்டில் ஐபஸ் என்கிற டைப்பிங் கருவியோடு எம்17என் என்கிற துணைத் தொகுப்பையும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

எஸ்எஸ்டி புதிதாக மாட்டுகிறீர்கள் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்ய வேண்டாம். படங்களையும் கோப்புகளையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, அதை அப்படியே கழற்றி எடுத்து வையுங்கள். புதுசு ஒத்துவரவில்லை என்றால் நாலு ஸ்க்ரூ கழற்றி அதையே திரும்ப மாட்டினால் போதும்.