பழைய லெனோவோ ஜி470-இல் பிராசஸரை மாற்றுவது எப்படி?

தங்கை கல்லூரியில் படித்தபோது வாங்கிய லெனோவோ ஜி470 மடிக்கணினி பரணில் தூசி படிந்து கிடந்தது. 14 அங்குலத் திரை, உள்ளே கணினியின் மூளையான பிராசஸராக இன்டெல் பென்டியம் பி950. இப்போது அதில் அதைவிட வேகமான இன்டெல் ஐ5-2520எம் ஓடுகிறது. மாற்றுவதற்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. மாற்ற முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு மாலைகள் பிடித்தன. ஆகவே திருப்புளியை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

முதல் படி: கழற்றக்கூடிய பிராசஸர்தானா?

விலை குறைந்த சிறிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் பிராசஸரை மதர்போர்டிலேயே (மற்ற பாகங்களெல்லாம் இணையும் பலகை) பற்றவைத்திருப்பார்கள். இன்டெல்லின் ‘ஆட்டம்’ (Atom) பிராசஸர்களும், பெயர் ‘யு’ என்று முடியும் இன்டெல் பிராசஸர்களும் இந்த வகை. ஐந்தாம் தலைமுறையிலிருந்து மடிக்கணினிக்கான இன்டெல் ‘கோர்’ (ஐ3, ஐ5, ஐ7) வரிசை முழுவதுமே அப்படித்தான். அவற்றில் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ‘பேக்கேஜ்’ என்ற வரியைப் பாருங்கள். ஜி470 போன்ற இரண்டாம் தலைமுறைக் கணினி என்றால் அங்குள்ள எண்ணே விடை: 988 என்றால் சாக்கெட் (பிராசஸரைச் செருகும் குழி), கழற்றலாம், 1023 என்றால் பற்றவைத்தது. மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜி470-ஐப் போலவே தோற்றமளிக்கும் ஜி475-இல் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ஈ வரிசைப் பிராசஸர். அது கழலாது.

இரண்டாம் படி: எதை வாங்குவது?

அதே தலைமுறை, அதே வாட் (பிராசஸர் வெளியிடும் சூட்டின் அளவு). பி950 35 வாட் பிராசஸர். ஐ5-2520எம்மும் 35 வாட்தான். கோர் (கணக்கிடும் பகுதி) இரண்டிலும் இரண்டே என்றாலும், புதியதில் நான்கு த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைகள், ஓடும். வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.5-க்கு உயர்கிறது, தேவைப்படும்போது டர்போவில் (தானாகவே வேகம் கூட்டும் வசதி) 3.2 வரை போகும். நான்கு கோர் ஐ7-2630கியூஎம் ஆசை காட்டும். அது 45 வாட். இந்தக் குட்டி விசிறிக்கு அந்தச் சூடு தாங்காது. 3-இல் தொடங்கும் மூன்றாம் தலைமுறைப் பிராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்தாலும், பயாஸுக்கு (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மென்பொருள்) அதை அடையாளம் தெரியாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும்.

இவை இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும். அடிப்பக்க ஊசிகளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மூன்றாம் படி: திறப்பது

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் போக தரையிணைப்பு (எர்த்) உள்ள ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு, அடிமூடியைத் திறங்கள். விசிறியின் வயரை இணைப்பிலிருந்து மெல்ல எடுங்கள். ஹீட் சிங்கின் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஸ்குரூக்களை ஒரேயடியாகக் கழற்றாமல், ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிய பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். இழுக்காமல் இடமும் வலமுமாக அசைத்தால் விட்டுவிடும்.

நான்காம் படி: மாற்றுவது

சாக்கெட்டின் ஓரத்தில் தட்டைத் திருப்புளிக்கேற்ற பூட்டு ஒன்று உண்டு. அருகில் பூட்டு திறந்த படமும் மூடிய படமும் இருக்கும். திறந்த பக்கம் திருப்பினால் பழைய பிராசஸர் தானாகத் தளர்ந்துவிடும். புதியதன் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தை சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அப்படியே வையுங்கள். அழுத்தக் கூடாது. எடை தெரியாமல் விழுந்தாற்போல் உட்கார வேண்டும். நான் பொறுமையிழந்து விரலால் அழுத்தியதில் ஓர் ஊசி சாய்ந்துவிட்டது. உள்ளே கரிக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் குழாயை அந்த ஊசியில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். அந்த ஐந்து நிமிடங்கள் உங்களுக்கு வேண்டாம்.

பூட்டைத் திருப்பி மூடுங்கள். ஹீட் சிங்கிலுள்ள பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். மடிக்கணினி பிராசஸருக்கு மேல்மூடி கிடையாது. நடுவில் பளபளக்கும் சிலிக்கான் துண்டின் மீது அரைப் பருக்கை அளவு புதிய பேஸ்ட் போதும். ஹீட் சிங்கை வைத்து, எதிரெதிர் மூலைகளாக ஸ்குரூக்களை முடுக்குங்கள். விசிறி வயரை மறக்காமல் மாட்டுங்கள்.

ஐந்தாம் படி: சரிபார்ப்பது

மூடியை முழுதாகப் பூட்டுவதற்கு முன்பே இயக்கி, பயாஸில் புதிய பெயர் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் காணொளி ஓடவிட்டு, வெப்பநிலையைக் கவனியுங்கள். 90 டிகிரியைத் தாண்டினால் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை. மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் என்னைத் திட்டுவீர்கள். வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டதில் கிடைத்த வேகம், பிராசஸர் மாற்றியதில் கிடைத்ததைவிட அதிகம். கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ள இன்டெல் பிராசஸர்களைப் பெரும்பாலும் அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை என்பதால், நான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். தங்கை மகள் அதில்தான் இப்போது படம் வரைகிறாள்.