முதல் மிதியில் பிடிக்காத டிரம் பிரேக்

என்னுடைய பழைய காரில் பிரேக்கை முதல் முறை மிதித்தால் மிதி தரைவரை இறங்குவதும், இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்த பிறகே பிடிப்பதுமாக இருந்தது. பிரேக் ஆயில் சற்றுக் குறைந்திருந்ததைப் பெரிதாக எண்ணாமல், பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும், அதன் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது என்று ஊகித்தேன். ஊகம் பாதிதான் சரி.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் இடப்பக்க டிரம் கழலவில்லை. தேய்ந்த டிரம்மின் விளிம்பில் உருவாகியிருந்த மேடு ஷூவைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷூக்களைத் தாங்கும் பின்தட்டின் துளை வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு, அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் தளர்த்தியதும் வந்துவிட்டது. பழைய லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதால், உள்ளிருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். ஆயில் அழுத்தத்தால் ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கியபோது ஒரு சொட்டு ஆயில் வழிந்தது. ஆயில் ஊறிய லைனிங்கை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. ஆகவே சிலிண்டரோடு இரு பக்க ஷூக்களையும் மாற்றினேன்.

பின்தட்டில் ஷூ உரசும் இடங்களில் மட்டும் வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசான உரசல் கேட்கும்வரை பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பினேன். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்கு முன்பே இறுக்கி வைத்தது என் தவறு. இறுகிய கேபிள் ஷூக்களை முன்பே சற்று விரித்துவிடும் என்பதால், அதைத் தளர்த்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டியதாயிற்று. இப்போது முதல் மிதியிலேயே பிடிக்கிறது.