தீயில் கருகிய அம்பாசிடரைக் கட்டி எழுப்பும்போது செய்யக் கூடாத தவறுகள்

பானட்டுக்குள் தீப்பிடித்த வண்டியை இழுத்து வந்து நிறுத்தியதுமே எல்லோருக்கும் கை பரபரக்கும். கருகின ஒயரைப் பிடுங்கிப் போடு, பிரஷர் வாட்டர் அடி, புது கார்புரேட்டர் வாங்கு என்று அன்றைக்கே வேலை தொடங்கிவிடும். அந்த அவசரத்தில் முதலில் தொலைவது, தீ எங்கே பிடித்தது என்பதற்கான தடயம். அது தெரியாமல் கட்டி முடித்தால், எரிய வைத்த கோளாறும் சேர்ந்தே புதுசாக உட்கார்ந்துவிடும்.

இங்கே சொல்லப்படுபவை 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசிடரை மனதில் வைத்து எழுதியவை. 2014 வரை உத்தர்பாராவில் தயாரான இந்த வண்டியின் பழைய பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்டேக், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் என இரண்டு மேனிஃபோல்டும் (குழாய்த் தொகுதி) ஒரே பக்கம். கார்புரேட்டர் சொட்டினால் நேராகச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல்தான் விழும். வீட்டில் இரண்டு தலைமுறை ஓடிய வண்டியை மீட்க நினைப்பவர் மறக்கக் கூடாத அமைப்பு இது. மற்ற கார்புரேட்டர் வண்டிகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

படம் எடுக்காமல் கழுவுவது

பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். ஒயர் இன்சுலேஷன் உருகிய வண்டியில் பேட்டரி இணைப்போடு இருந்தால், அணைந்த தீ இரவில் மறுபடி பிடிக்கலாம். அதன் பிறகு எதையும் நகர்த்தாமல் மேலிருந்தும், இரு பக்கமிருந்தும், வண்டிக்கு அடியிலிருந்தும் ஐம்பது அறுபது படமாவது எடுங்கள். பானட்டின் உள்பக்கத்தை விட்டுவிட வேண்டாம். பெயின்ட் முழுதும் எரிந்து வெறும் தகடு தெரியும் இடத்துக்கு நேர் கீழேதான் வழக்கமாகத் தீயின் மையம் இருக்கும்.

தீ மேல்நோக்கியும் விரிந்தும் போகும். அதனால் எரிந்ததில் மிகத் தாழ்வான இடத்தைத் தேடுங்கள். பெட்ரோல் பம்ப், கார்புரேட்டரின் மிதவை அறை, செல்ஃப் மோட்டார் கேபிள், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் மெயின் ஒயர் ஆகிய நான்கையும் கையில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். செம்பு ஒயரின் நுனியில் பளபளப்பான சின்ன உருண்டை இருந்தால், அங்கே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தபோது ஷார்ட் ஆகியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து ‘வயரிங்தான் காரணம்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெட்ரோல் தீயில் இன்சுலேஷன் உருகிய பிறகும் ஒயர்கள் ஒட்டி அதே உருண்டை வரும். எரிந்த பகுதியின் தொடக்கத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) இன்சூரன்ஸ் இருந்தால், கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது. பழுதுச் செலவு வண்டியின் ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். பழைய வண்டியின் ஐ.டி.வி. சொற்பம் என்பதால் இந்தக் கோட்டைத் தாண்டுவது மிகச் சுலபம். கையெழுத்துப் போடும் முன் வண்டியும் ஆர்.சி.யும் உங்களிடமே இருக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வண்டியைக் காப்பாற்ற ஆசைப்பட்டு, கவனிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தில் அதை இழந்துவிடக் கூடாது.

தீயணைப்புப் பவுடர் அடித்த இன்ஜினைச் சுழற்றிப் பார்ப்பது

‘இன்ஜின் நல்லா இருக்கான்னு ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்ப்போம்’ என்பது மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. ஏ.பி.சி. வகைத் தீயணைப்பான் பவுடரில் இருப்பது பெரும்பாலும் மோனோ அமோனியம் பாஸ்பேட். அது காற்றின் ஈரத்தை இழுத்து அமிலத் தன்மை கொண்ட பசையாகிவிடும். அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும். பவுடர் அடித்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கார்புரேட்டர் வழியாகச் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கும். அந்த நிலையில் சுற்றினால் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் அது அரைபடும்.

முதலில் வாக்யூம் கிளீனரால் உலர்ந்த பவுடரை உறிஞ்சுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் போகாத இடத்துக்கெல்லாம் போய்விடும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தூள் தெரிந்தால் ஹெட்டைத் தூக்கியே ஆக வேண்டும். சுத்தமாக இருந்தால் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கே இறுக்கம் இருந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும். செல்ஃப் மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது.

படங்கள் எடுத்து, சர்வேயரும் பார்த்த பிறகு கழுவுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பி.வி.சி. ஒயர் எரிந்த புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். அது படிந்த வெறும் தகடு, சென்னை போன்ற கடலோர ஊரில் இரண்டே நாளில் செம்மண் நிறமாகிவிடும். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி சமையல் சோடாவும் கொஞ்சம் ஷாம்பூவும் கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே உலர்த்துங்கள். கையுறை கட்டாயம். பிற்காலத்தில் மாற்றிய சில சீல், ஹோஸ்களில் ஃப்ளூரோ ரப்பர் இருக்கலாம். அது எரிந்த கசடு தோலைத் துளைத்து உள்ளே போய்ப் புண்ணாக்கும்.

எவ்வளவு சூடேறியது என்று கணக்குப் போடாமல் பாகம் வாங்குவது

எது உருகியது, எது உருகவில்லை என்பதே தெர்மாமீட்டர். ரேடியேட்டரின் ஈயப் பற்று உருக ஏறத்தாழ 185 டிகிரி செல்சியஸ் போதும். கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உடல் உருக 380 முதல் 390 டிகிரி. சுத்த அலுமினியத்துக்கு 660. கார்புரேட்டர் கட்டியாக உருகி மேனிஃபோல்டில் வழிந்திருக்க, பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் அலுமினிய உடல் வடிவம் மாறாமல் இருந்தால், அந்த இடத்தின் வெப்பம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்திருக்கிறது.

இன்ஜின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. உள்ளே தண்ணீர் இருந்தவரை அவை பெரும்பாலும் தப்பியிருக்கும். ‘இன்ஜினே போச்சு’ என்று சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையில் வேறு இன்ஜின் தேடுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஹோஸ் எரிந்து தண்ணீர் கொட்டியிருந்தால் ஹெட்டைக் கழற்றி, நேர்க்கோல் வைத்து, குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விடுங்கள். 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் லேத்தில் ஃபேஸிங் செய்து பரப்பைச் சமமாக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் 40 பவுண்ட்-அடி வரை முறுக்குங்கள். இன்ஜினையே மாற்றினால் எண் மாறும், ஆர்.சி.யில் பதிவு வேண்டும், எஃப்.சி. (தகுதிச் சான்று) நேரத்தில் சிக்கல் வரும். தப்பிய அசல் இன்ஜினைத் தூக்கிப் போடுவது பெரிய நஷ்டம்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தே ஏமாற்றுவது ஸ்பிரிங் எஃகு. சாதாரணத் தகடு சூடேறி ஆறினால் நெளியுமே தவிர, வலு பெரிதாகக் குறையாது. பதப்படுத்திய எஃகு அப்படி அல்ல. அம்பாசிடரின் முன் சஸ்பென்ஷனைத் தாங்குவது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் எஃகுத் தண்டு. அதன் மேல் பெயின்ட் எரிந்திருந்தாலோ, நீல நிறம் ஓடியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். இரு பக்கமும் வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலும் அதே முடிவுதான். பானட் கீல் ஸ்பிரிங்கும் இதே கணக்கு.

கருகின ஒயரை மட்டும் வெட்டி ஒட்டுவது

வயரிங்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். கருகின இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி நல்லதாகத் தெரியும் ஒயரை எடுத்து வளைத்துப் பாருங்கள். இன்சுலேஷன் மொறுமொறுவென்று விரிசல் விட்டால் அதுவும் சூடு கண்டதுதான். நுனியைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும். அதில் சால்டரும் பிடிக்காது, கிரிம்ப்பும் நிற்காது. பானட்டுக்குள் எரிந்த வண்டிக்கு, டாஷ்போர்டுக்குள் போகும் வரை முன்பக்க ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) முழுவதையும் புதிதாகப் போடுவதே சரி.

இந்த வண்டியின் ஒயர்களுக்கான லூகாஸ் வண்ண முறைப்படி பிரவுன் ஒயரில் எப்போதும் பேட்டரி கரன்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டதும் வரும். பச்சை, சாவி போட்டபின் ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். பல பழைய மாடல்களில் ஃபியூஸ் இரண்டே இரண்டு. பிரவுனுக்கும் வெள்ளைக்கும் பாதுகாப்பே கிடையாது. எரிந்த ஹார்னஸில் பெரும்பாலும் முதலில் கருகியிருப்பது இவைதான். ‘ஒரிஜினல் மாதிரியே’ கட்டுகிறேன் என்று அந்தக் குறையையும் திரும்பக் கட்ட வேண்டாம். பழமையை மதிப்பது வேறு, 1960-களின் ஃபியூஸ் சிக்கனத்தைக் காப்பாற்றுவது வேறு.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், செல்ஃப் கேபிளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் ஒன்று வையுங்கள். ஹெட்லைட்டின் ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர். 60 வாட் பல்பு இரண்டு என்றால் 10 ஆம்பியர் ஓடும். 100 வாட் பல்பு போட்டால் 17 ஆம்பியரைத் தொடும். பழைய சுவிட்ச் அதைத் தாங்காது. ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான், பல்பை அல்ல. அதனால் 1 சதுர மி.மீ. ஒயருக்கு 10 ஆம்பியருக்கு மேல் போடக் கூடாது. வீட்டு வயரிங் ஒயர் வேண்டாம். அதன் இன்சுலேஷன் பானட் சூட்டுக்கும் ஆயிலுக்கும் ஆனதல்ல.

ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்கூட்டுக்கும் நடுவே உள்ள தகடு) ஹார்னஸ் நுழையும் துளையின் ரப்பர் குரோமெட் கட்டாயம் எரிந்திருக்கும். அதைப் போடாமல் விட்டால் தகட்டின் விளிம்பு சில மாதத்தில் ஒயரை அறுத்துவிடும். நூறு ரூபாய்கூட ஆகாத ரப்பர் வளையம். அடுத்த தீ பல நேரம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதைவிடப் பெரிய மறதி இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை ஒன்றுதான் கரன்ட் திரும்பும் வழி. அது எரிந்தோ துருப்பிடித்தோ போயிருந்தால், செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக ஓடும். மெல்லிய எஃகுக் கேபிள் ஹீட்டர் காயில் போலச் சிவக்கும், அதுவும் கார்புரேட்டருக்கு ஒட்டியே. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எர்த் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வோல்ட் மீட்டர் வையுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ பிடிமானம் போதவில்லை. பழைய டைனமோ வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் என்பதையும் பேட்டரி மாட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்ரோல் லைனில் சிக்கனம்

இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ராம் இரண்டும் அதில் ஊறி மிருதுவாகி விரிசல் விடும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். மீட்டர் கணக்கில் கொஞ்சம் விலை அதிகம்தான், ஆனால் மொத்தமே ஒன்றரை மீட்டருக்கு மேல் தேவைப்படாது. அரம் போலப் பல் வெட்டிய சாதாரண கிளிப் சின்ன ஹோஸை அறுக்கும். விளிம்பு மடித்த, நட்-போல்ட் போட்ட ஃபியூவல் கிளிப்பே போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கவிடுவது ஊரெல்லாம் காணும் பழக்கம். அதை டாங்க் பக்கம் கொண்டுபோய், உலோக உடல் உள்ளதாக மாட்டுங்கள்.

பம்ப் எரிந்துவிட்டதே என்று இன்ஜெக்ஷன் காரின் எலக்ட்ரிக் பம்பை மாட்டுபவர்கள் உண்டு. கார்புரேட்டர் தாங்கும் அழுத்தம் 2 முதல் 3 பி.எஸ்.ஐ. மட்டும், இன்ஜெக்ஷன் பம்ப் தள்ளுவது 40-க்கும் மேல். மிதவை ஊசி மூடவே முடியாமல் பெட்ரோல் மேனிஃபோல்டில் கொட்டும். பழைய மெக்கானிக்கல் பம்பையே புது டயஃப்ராமோடு போடுங்கள். பித்தளை மிதவை இருந்தால் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ‘கொளக்’ என்றால் அதன் பற்று சூட்டில் விட்டுப்போய்ப் பெட்ரோல் புகுந்திருக்கிறது. கார்புரேட்டரில் ஹோஸ் மாட்டும் பித்தளைக் குழாயைக் கையால் திருகிப் பாருங்கள், துளி அசைந்தாலும் அந்தக் குழாய் பதித்த கார்புரேட்டர் மூடி வேண்டாம்.

பிரேக்கில் பேரம் பேச இடமில்லை. சூடு கண்ட ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிட், ஃப்ளூயிட் எல்லாமே புதிது.

பட்டி தடவி மறைப்பது

பானட்டைக் கையால் அழுத்தினால் ‘டபக்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால் தகடு நீண்டுவிட்டது. பட்டி போட்டால் ஒரே வெயிலில் விரிசல் விடும். தேர்ந்த டிங்கர் சுருக்கிக் கொடுக்க முடியாவிட்டால் வேறு பானட் தேடுவதே மேல். மெல்லிய தகட்டில் சாண்ட் பிளாஸ்டிங் அடித்தால் இன்னும் நெளியும். இன்ஜின் பேயில் துருவை எடுத்து, இரண்டு பாக எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். தகடு இணையும் இடங்களில் எரிந்துபோன சீலரைப் புதிதாகப் போடாவிட்டால் முதல் மழையில் காலடியில் தண்ணீர் நிற்கும். சேஸிஸ் நம்பர் உள்ள இடத்தில் கிரைண்டர் படவே கூடாது.

முதல் ஸ்டார்ட்

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். ஒருமுறை பேக்ஃபயர் ஆனால் ஊற்றிய கையோடு பற்றும். ஏர் கிளீனரை மாட்டிவிட்டு, பம்பின் கை நெம்புகோலால் மிதவை அறையை நிரப்புங்கள். டாங்கில் 3 லிட்டருக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும், அதைப் பிடிக்க இன்னொரு ஆளும் இருக்கட்டும். சாவி போடும் முன் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் தொட்டு ஈரம் பாருங்கள்.

இன்ஜின் ஓடி நன்றாகச் சூடானதும் ஆஃப் செய்துவிட்டு, பானட்டைச் சாத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். பலர் இதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் சுற்றோட்டமும் ஃபேன் காற்றும் நின்றபின் மேனிஃபோல்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, மிதவை அறைப் பெட்ரோல் விரியும். ஓடும்போது தெரியாத கசிவு அப்போதுதான் வரும். திறந்து மறுபடி டிஷ்யூவால் தொடுங்கள். காய்ந்திருந்தால் தெருமுனை வரை போய் வாருங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஃபியூவல் கிளிப்புகளையும் மேனிஃபோல்டு நட்டுகளையும், கழற்றி மாட்டியிருந்தால் ஹெட் நட்டுகளையும் இன்னொரு முறை சரிபார்த்து முறுக்குங்கள்.